கட்டியைத் தேடும் வெளிச்சம்: ஒரு வரலாறும் சில கேள்விகளும்

செல்போன் செய்கிற ஆலைகளில், சர்க்யூட் பலகைகள் வரிசையாக நகர்ந்து வரும் பாதையில் ஒரு பெட்டி இருக்கும். உள்ளே கேமரா, பல கோணங்களிலிருந்து விழும் விளக்குகள். பற்றவைப்பு சரியாகப் பிடித்திருக்கிறதா, கடுகளவு உறுப்பு ஒன்று கோணலாக உட்கார்ந்திருக்கிறதா என்பதை அது வெளிச்சத்தைக் கொண்டே சில நொடிகளில் தீர்மானித்துவிடும். 'ஏஓஐ' என்று அதற்குப் பெயர். கெட்ட பலகை ஒதுக்கப்படும், நல்லது முன்னே போகும். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் வட்டாரத்தில் இப்படிப்பட்ட வரிசைகளில் இருபது வருஷமாக இளம்பெண்கள் வேலை பார்த்துவருகிறார்கள். பலகைக்கு வாய்த்த இந்தக் கவனிப்பு, அதைக் கையாளும் உடலுக்கு வாய்க்க என்ன தடை என்பதுதான் இங்கே கேள்வி.

கேள்வி வெறும் உருவகம் அல்ல. ஒன்றிய அரசு 2020இல் அறிவித்த மருத்துவக் கருவிப் பூங்காத் திட்டத்தில் தேர்வான நான்கு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதற்கு ஒதுக்கப்பட்ட இடம் ஒரகடம், 350 ஏக்கர். காரும் போனும் செய்த மண்ணில் இனி நோயைக் கண்டுபிடிக்கும் கருவிகளும் செய்யப்படும் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வலியில்லாத, கதிர்வீச்சில்லாத, மலிவான மார்பகப் பரிசோதனைக் கருவி என்ற பேச்சு இங்கே எழும்போது, அந்தப் பேச்சுக்குக் கிட்டத்தட்ட நூறு வருஷ வயது என்பதை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சின்ன வயதில் டார்ச் லைட்டை உள்ளங்கையில் அழுத்தி, விரல்கள் சிவப்பாக எரிவதைப் பார்க்காதவர்கள் குறைவு. வெள்ளை வெளிச்சத்தில் நீலத்தையும் பச்சையையும் ரத்தம் குடித்துவிடுகிறது, சிவப்பு மட்டும் தப்பித்து வெளியே வருகிறது. இந்த விளையாட்டை மருத்துவம் வெகு முன்னமே எடுத்துக்கொண்டது. லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், தலையில் நீர் கோர்த்த நோயாளி ஒருவரின் மண்டை மெழுகுவர்த்தி வெளிச்சத்தை ஊடுருவவிட்டதை 1831இல் எழுதினார். நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் விரைவீக்கத்துக்கு டார்ச் அடித்துப் பார்ப்பது இன்னும் பாடமாகவே இருக்கிறது. உள்ளே தெளிந்த நீர் என்றால் ஒளி தெரியும், சதை என்றால் இருட்டு. இதையே மார்பகத்தில் முறையாகச் செய்துபார்த்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் மாக்ஸ் கட்லர். இருட்டறையில் பெண்ணை உட்காரவைத்து, மார்பின் அடியில் விளக்கைப் பிடித்து, மேலிருந்து பார்த்தார். நீர்க்கட்டி ஒளிவிட்டது. ரத்தம் கட்டிய இடமும் திடமான கட்டியும் கருத்தன. விளக்கின் சூடு தோலைச் சுடும் என்பதால் ஓரளவுக்குமேல் வெளிச்சத்தைக் கூட்ட முடியவில்லை. 1929இல் வெளியான அவருடைய கட்டுரையின் தலைப்பு, ஒளி ஊடுருவல் நோயறிதலுக்கு ஒரு 'துணை' என்று சொல்கிறது. அந்தத் 'துணை' என்கிற ஒற்றைச் சொல்லைக் குறித்துக்கொள்வோம். பின்னால் வந்த விளம்பரங்களில் முதலில் காணாமல் போவது அதுதான்.

கட்லரின் கட்டுரைக்குச் சரியாக ஒரு வருஷம் முன்பு, 1928 பிப்ரவரியில், கல்கத்தாவில் சி.வி. ராமனும் வத்திராயிருப்புக்காரரான கே.எஸ். கிருஷ்ணனும் ஒளிச்சிதறலில் ஒரு புதிய விளைவைக் கண்டிருந்தார்கள். பொருளின் மூலக்கூறு எது என்பதைச் சிதறிய ஒளியே காட்டிக்கொடுக்கும் என்பது அதன் சாரம். இந்த இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று சந்திக்க அறுபது எழுபது வருஷம் ஆயிற்று. 2005இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் மார்பகத் திசுவில் தீங்கற்றதையும் புற்றையும் ராமன் சிதறலைக்கொண்டு பிரித்துக்காட்டினார்கள். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் மருத்துவ இயற்பியல் துறையில், திசு தானாக உமிழும் ஒளிர்வைக் கொண்டு புற்றை அடையாளம் காணும் ஆய்வுகள் பல வருஷங்களாக நடந்திருக்கின்றன. ராமன் பெயரில் அறிவியல் தினம் கொண்டாடுகிறோம். அவருடைய ஒளி ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்கு எப்போது வரும் என்று அந்த மேடையில் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

கட்லருக்குப் பிறகு நாற்பது வருஷம் வெளிச்சம் ஓரம்கட்டப்பட்டது. எக்ஸ்ரே முன்னுக்கு வந்தது. மார்பகத்துக்கென்றே தனி எக்ஸ்ரே கருவியை 1960களில் உருவாக்கியவர்களில் முதன்மையானவர் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து மருத்துவர் சார்ல் குரோ. இதே குரோதான் 1972இல் மறுபடியும் விளக்கைக் கையில் எடுத்து, ஒளியால் மார்பகத்தைப் பார்க்கும் முறையைப் பற்றி எழுதினார். மாம்மோகிராமைப் படைத்தவர்களில் ஒருவருக்கே அதன் குறை தெரிந்திருந்தது என்று நான் இதை வாசிக்கிறேன். மார்பை இரண்டு தட்டுகளுக்கிடையே நசுக்க வேண்டும், கதிர்வீச்சு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இளம்பெண்ணின் அடர்ந்த மார்பில் கட்டியும் வெள்ளை, சுற்றியுள்ள திசுவும் வெள்ளை. பனிக்குள் பாலைத் தேடுவது மாதிரி. 1980களில் அகச்சிவப்பு விளக்கும் வீடியோ கேமராவும் சேர்ந்த கருவிகள் சந்தைக்கு வந்தன. பிறகு ஸ்வீடனில் பல மருத்துவமனைகள் சேர்ந்து ஒளிமுறையையும் மாம்மோகிராமையும் ஒரே பெண்களிடம் ஒப்பிட்டுப் பார்த்தன. 1990இல் முடிவு வந்தது. ஒளி தோற்றது. இருந்த புற்றைத் தவறவிட்டதும் அதிகம், இல்லாததை இருப்பதாகச் சொன்னதும் அதிகம்.

ஒளியின் பங்காளியான வெப்பத்துக்கும் இதே கதைதான். மாண்ட்ரியலில் ரே லாசன் 1956இல் புற்றுள்ள மார்பின் தோல் சூடாக இருப்பதைக் கவனித்தார். 1970களில் அமெரிக்கா நடத்திய பெரிய மார்பகப் பரிசோதனைத் திட்டத்தில் வெப்பப்படமும் சேர்க்கப்பட்டு, போதவில்லை என்று பாதியில் கைவிடப்பட்டது. வெப்பப்படம் மாம்மோகிராமுக்கு மாற்று அல்ல என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019 பிப்ரவரியிலும் எச்சரித்தது. நம் பக்கத்து பெங்களூரில் நிராமய் நிறுவனம் செயற்கை அறிவை வெப்பப்படத்தோடு சேர்த்து இதே பாதையில் மறுபடி நடந்துகொண்டிருக்கிறது. பழையது தோற்றது என்பதற்காகப் புதியதும் தோற்கும் என்று சொல்லவரவில்லை. கட்டியைக் கண்டதா என்பது ஒரு கேள்வி, சாவைக் குறைத்ததா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ஆறு மாசத்தில் பதில் வாங்கிவிடலாம், இரண்டாவதற்கு இருபது வருஷம் ஆகும். முதலீட்டாளர்கள் அவ்வளவு நாள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

ஒளி ஏன் தோற்றது? எக்ஸ்ரே உடலுக்குள் பெரும்பாலும் நேராகப் போகிறது, நிழல் விழுகிறது, நிழலைப் படிக்கிறோம். ஒளி அப்படி அல்ல. திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டர் அளவு போவதற்குள் அது தன் திசையை மறந்துவிடுகிறது. பாலில் விட்ட வெளிச்சம் மாதிரி அலைந்து, திரிந்து, எங்கோ ஒரு பக்கம் வெளியே வருகிறது. ஆழத்தில் இருக்கும் கட்டியின் விளிம்பு கரைந்துபோகிறது. சிவப்பைத் தாண்டி 650 முதல் 950 நானோமீட்டர் வரை ஒரு சன்னல் இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் ரத்தம் விழுங்கும், அந்தப் பக்கம் தண்ணீர் விழுங்கும். பிரான்ஸ் யோப்சிஸ் 1977இல் இந்தச் சன்னல் வழியாக மூளையின் ஆக்சிஜனை வெளியிலிருந்தே அளக்கலாம் என்று காட்டினார். பென்சில்வேனியாவில் பிரிட்டன் சான்ஸ் (1952 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டித் தங்கம் வாங்கியவர், விஞ்ஞானிகளில் இப்படியும் ஒரு பிறவி) போன்றவர்கள் 1980களின் கடைசியிலிருந்து, உள்ளே போன ஒளித்துடிப்பு எவ்வளவு தாமதமாக, எவ்வளவு கலைந்து வெளியே வருகிறது என்பதை அளந்தார்கள். சுற்றிலும் பல இடங்களில் ஒளியைச் செலுத்தி, பல இடங்களில் வாங்கி, கணினியில் போட்டு, உள்ளே ரத்தம் எங்கே கூடுதலாக இருக்கிறது என்று பின்னோக்கிக் கணக்கிடும் முறை உருவாயிற்று. புற்று தனக்கென்று புதிய ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்ளும், அங்கே ரத்தம் அதிகம், ஆக்சிஜன் குறைவு. இந்தியாவிலும் பெங்களூர் அறிவியல் கழகத்தில் இந்தக் கணக்கீட்டில் முக்கியமான வேலைகள் நடந்தன.

மருத்துவமனையின் பிறப்பு பற்றி 1963இல் எழுதிய பூக்கோ, நவீன மருத்துவத்தின் அதிகாரம் பார்வையில் குடிகொண்டது என்றார். உடலைத் திறந்து, உள்ளே ஒளி பாய்ச்சி, கண்டதைச் சொல்லாக்கும் பார்வை. நம் சிறுபத்திரிகைகளில் இந்தக் கருத்து தேய்கிற அளவுக்குப் புழங்கிவிட்டது. ஆனால் இங்கே அது போதவில்லை. இந்தக் கருவி எதையும் 'பார்ப்பதில்லை'. வெளியே வந்த சில அளவுகளை வைத்து, உள்ளே இப்படி இருந்தால்தான் இப்படி வந்திருக்கும் என்று ஊகிக்கிறது. ஒரே அளவுகளுக்குப் பல விடைகள் பொருந்தும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, சராசரி மார்பு எப்படி இருக்கும் என்ற முன்முடிவு வேண்டும். கொழுப்பு எவ்வளவு, நீர் எவ்வளவு, ரத்தம் எவ்வளவு, தோல் எப்படி. அதாவது படத்துக்குள் ஏற்கெனவே ஒரு மாதிரிப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள் யார்? பென்சில்வேனியாவிலும் கலிபோர்னியாவிலும் ஆய்வுக்கு வந்தவளா, சோகையோடு எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கும் செய்யாறு பெண்ணா?

கேள்வி கற்பனையானது அல்ல என்பதற்குச் சான்று நம் விரல்நுனியிலேயே இருந்தது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிவைத்த பல்ஸ் ஆக்சிமீட்டர் இதே தத்துவத்தில் ஓடுவதுதான். ஜப்பானில் தகுவோ அயோயாகி 1974இல் வெளியிட்ட கருத்து, சிவப்பு ஒன்று, அகச்சிவப்பு ஒன்று, இரண்டின் விகிதம். கறுப்புத்தோலில் அது ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 1990லேயே எழுதப்பட்டது. யாரும் பொருட்படுத்தவில்லை. 2020 டிசம்பரில் வந்த அமெரிக்க ஆய்வு, கருவி கண்டுகொள்ளாமல் விட்ட ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்றது. மெலனின் ஒளியை விழுங்குகிறது என்பது பள்ளிப்பாடம். அதைக் கணக்கில் சேர்த்துச் சரிசெய்ய முடியாது என்றில்லை. சரிசெய்ய வேண்டிய அவசியம் கருவியைச் செய்தவர்களின் மேசைக்கு வராமலே போயிற்று. நிறம் பற்றி நம்மிடம் இவ்வளவு அரசியல் பேச்சு இருக்கிறது. தோலை ஒளி எப்படிக் கடக்கிறது என்பதும் அந்தப் பேச்சுக்குள் வர வேண்டிய விஷயம்தான்.

ஒளி எங்கே ஜெயித்தது என்பதையும் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. அறுவைக்கு முன் கீமோதெரபி எடுக்கும் பெண்களிடம் மருந்து வேலை செய்கிறதா என்பதை, கட்டியின் ரத்தமும் நீரும் மாறுவதைக்கொண்டு கண்காணிக்கும் ஒளிமுறையைப் பல மருத்துவமனைகள் சேர்ந்து சோதித்த அமெரிக்க ஆய்வு 2016இல் நம்பிக்கை தரும் முடிவைக் கொடுத்தது. லேசர் துடிப்பை உள்ளே அனுப்பி, ரத்தம் சூடாகி எழுப்பும் ஒலியைக் கேட்கும் முறை இன்னொன்று. ஒளி சிதறினால் சிதறட்டும், ஒலி நேராக வந்துவிடும். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880இல் கண்ட விளைவுதான் அடிப்படை. இதில் அமைந்த இமாஜியோ என்ற கருவிக்கு 2021 ஜனவரியில் அமெரிக்க அனுமதி கிடைத்தது, அல்ட்ராசவுண்டோடு சேர்த்துப் பயன்படுத்த. அறுவைமேசையில் மிச்சமிருக்கும் புற்றை ஒளிரவைத்துக் காட்டும் லூமிசெல் 2024இல் அனுமதி பெற்றது. கவனித்தால் மூன்றுமே ஏற்கெனவே கட்டி இருப்பது தெரிந்த, ஆஸ்பத்திரிக்குள் வந்துவிட்ட பெண்ணுக்கானவை. கட்லரின் 'துணை' இங்கே திரும்பி வந்துவிட்டது. வெளியே, கட்டி இருப்பதே தெரியாமல் நிற்பவளிடம் போய் ஒற்றை விளக்கைக் காட்டித் தீர்ப்புச் சொல்லும் கனவு மட்டும் இன்னும் பலிக்கவில்லை.

அவளிடம் போனது கைதான். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. குடிசைப்பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள். ஒரு பாதிப் பகுதிகளில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் தொட்டு மார்பைப் பரிசோதித்தார்கள். கருவி எதுவும் கிடையாது. இருபது வருஷம் கழித்து 2021இல் முடிவு வெளியானது. நோய் முற்றுவதற்கு முன்பே கண்டுபிடிப்பது கூடியிருந்தது. 50 வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றால் வரும் சாவு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. 50க்குக் கீழே அப்படிக் குறையவில்லை, மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் வந்த 15 விழுக்காடு புள்ளியியல்படி உறுதியானதும் அல்ல. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2020இல் மட்டும் இந்தியாவில் 1,78,361 பேருக்குப் புதிதாக மார்பகப் புற்று, 90,408 சாவு என்று உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிட்டது. இந்த நிலையில் கைக்கு இவ்வளவு வலு உண்டு என்பது பெரிய செய்தி. அது எந்தத் தொழில் பூங்காவின் திறப்பு விழாவிலும் பேசப்படாது. கையை யாரும் பேட்டண்ட் எடுக்க முடியாதே.

கை போகிற இடத்தில் சொல் ஒன்று குறுக்கே நிற்கிறது. தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். சங்கப்பாட்டும் காப்பியமும் பக்தியும் 'முலை' என்ற சொல்லை எந்தக் கூச்சமும் இல்லாமல் புழங்கின. மதுரையை எரித்தது கண்ணகி திருகி எறிந்த இடமுலை. நவீனத் தமிழ் அதை வசைச்சொல்லாக்கி, பதிலுக்கு ஆண்பெண் இருவருக்கும் பொதுவான 'மார்பகம்' என்று மூடிவைத்தது. 2002இல் குட்டி ரேவதி தன் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்ததற்கு நடந்த அமர்க்களம் நினைவிருக்கும். அவர் சித்த மருத்துவம் படித்தவர் என்பதை அந்தச் சண்டையில் பலரும் மறந்தார்கள். ஆஸ்பத்திரியில் பெண்கள் "நெஞ்சுல ஒரு கட்டி மாதிரி இருக்குது, வலியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். வலி இல்லாததுதான் ஆபத்து, அதனாலேயே தள்ளிப்போடுகிறார்கள். தங்கையைப் புற்றுக்கு 1923இல் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, அடையாறில் மருத்துவமனை எழுப்ப 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புற்று வந்தால் செத்துப்போவார்கள், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்ற மனநிலையோடு அவர் மோத வேண்டியிருந்தது.

மறுபடியும் நெடுஞ்சாலைக்கு வருவோம். நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இருபது வயதில் மார்பகப் புற்று அரிது. ஹாஸ்டலில் இருக்கும் எல்லாப் பெண்களுக்கும் விளக்கடித்துப் பார்ப்பது வீண்வேலை, வீண்பயம். அரசின் 2016ஆம் வருஷ வழிகாட்டுதலும் 30 வயதிலிருந்துதான் பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறது. சிக்கல் வயதில் இல்லை, வயதை இந்தத் தொழில்வழித்தடம் எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதில் இருக்கிறது. போன் செய்யும் வரிசைக்கு வேண்டியது பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரையிலான வருஷங்கள். கல்யாணமான பெண்களை ஐபோன் பொருத்தும் வேலைக்கு எடுக்காமல் ஃபாக்ஸ்கான் ஒதுக்கியது பற்றி ராய்ட்டர்ஸ் 2024 ஜூனில் வெளியிட்ட புலனாய்வு, இங்குள்ளவர்களுக்கு அதிர்ச்சியாக இருந்திருக்காது. கண்ணும் விரலும் கூர்மையாக இருக்கும் வருஷங்கள் ஆலைக்கு, அதன் பிறகு வருவதெல்லாம் திருவண்ணாமலைக்கும் விழுப்புரத்துக்கும்.

இதில் வெளிச்சத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. பெண்களை இரவில் வேலைவாங்குவதை 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் தடுத்திருந்தது. அந்தப் பிரிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000 டிசம்பரில் சமத்துவத்துக்கு எதிரானது என்று ரத்துசெய்தது. தீர்ப்பில் நியாயம் உண்டு, இரவைப் பெண்ணுக்கு மூடுவதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் ஏழு வருஷம் கழித்து, 2007இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடலின் நாள்கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை 'அநேகமாகப் புற்று உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் வைத்தது. 2019இல் இரவு வேலை என்று பெயரிட்டே மறுபடி உறுதிசெய்தது. மனிதர்களிடம் கிடைத்த சான்று வரம்புக்குட்பட்டது என்றும் சேர்த்தே சொன்னது. இரவில் கண்ணில் விழும் வெளிச்சம் மெலடோனினைக் குறைப்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. டென்மார்க்கில் நெடுங்காலம் இரவு வேலை பார்த்து மார்பகப் புற்று வந்த ஏறத்தாழ நாற்பது பெண்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்த செய்தி 2009இல் வந்தது. அவர்கள் எத்தனை வருஷம் இரவில் நின்றார்கள் என்பதற்கு அங்கே பதிவேடு இருந்தது.

2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 40 வயதைத் தாண்டிய தொழிலாளருக்கு ஆண்டுக்கொருமுறை இலவச உடல்பரிசோதனை தர வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடு, நாற்பது வயதில் ஆலைக்குள் இருப்பவர்களுக்கு. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் ஓடத்தொடங்கி 2014 நவம்பர் 1இல் மூடப்பட்டது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அங்கே போய்ச் சேர்ந்த பெண்கள் இப்போது நாற்பதை நெருங்குகிறார்கள். அவர்களுடைய ஷிப்ட் பதிவுகள் யாரிடம் இருக்கின்றன? அவர்கள் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்ற பட்டியலாவது எங்காவது உண்டா? ஒரகடத்தில் ஒரு மார்பகப் பரிசோதனைக் கருவி உருவாகிறதென்றால், அதன் கணக்குக்குள் உட்காரவைக்க வேண்டிய மாதிரிப் பெண் இவர்தான். அதற்கு முன்னால் ஒரு கிராமச் சுகாதாரச் செவிலியர் போய், கதவைச் சாத்தி, கையால் பார்க்கட்டும். கட்டி தட்டுப்பட்டால் காஞ்சிபுரத்துக்கு அருகே காரப்பேட்டையில் அண்ணா பெயரில் 1969இல் வந்த அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. போக பஸ் காசும், அன்றைய கூலிக்கு ஈடும், ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்த முடிவு அதே வாரத்தில் கையில் கிடைப்பதும் அந்தக் கருவியின் விலையோடு சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டியவை.